டேபிள் ரீடுக்கு ஆள் எடுப்பவர்கள் காதால் எடுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘நடிகர், நடிகையர் தேவை. வயது 20 முதல் 35. மூன்று போட்டோ, உயரம், இன்ஸ்டாகிராம் ஐடி அனுப்பவும்’ என்ற அறிவிப்புகள் வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் சுற்றுகின்றன. படத்துக்கு ஆள் எடுப்பவர்கள் அப்படிக் கேட்பதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் சுயாதீனப் படங்களின் டேபிள் ரீடுக்கு, அதாவது படப்பிடிப்புக்கு முன் மேசையைச் சுற்றி உட்கார்ந்து திரைக்கதையை வாய்விட்டு வாசிக்கிற ரீடிங்குக்கு, ஆள் எடுப்பவர்களும் இதே வரிகளை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். அங்கிருந்தே வேலை கெட்டுப்போகிறது. உங்கள் சினிமாப் பக்கத்தைப் படிப்பவர்களில் குறும்படங்கள் எடுத்து முடித்து, முதல் முழுநீளப் படத்துக்குத் தயாராகிறவர்கள் நிறைய. அவர்களுக்காகவும், அவர்களிடம் ஆடிஷனுக்குப் போகிற நடிகர்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

தமிழ் சினிமாவில் கதை ‘சொல்லி’த்தான் பழக்கம். இயக்குநர் தயாரிப்பாளர் முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பின்னணி இசையையும் தன் வாயாலேயே போட்டுக்கொண்டு கதை சொல்வார். நன்றாகச் சொல்லத் தெரிந்தவரிடம் மோசமான காட்சிகூட நல்ல காட்சியாகக் கேட்கும். வசனத்தில் இருக்கிற ஓட்டையை அவருடைய குரலே அடைத்துவிடுகிறது. அந்த வசனம் இன்னொருவர் வாயில் எப்படி வரும் என்பது முதன்முதலாகப் படப்பிடிப்பில்தான் தெரியும். அங்கேயும் சரியாக வராவிட்டால் ‘டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவிட வழி இருந்தது. படப்பிடிப்பில் பேசுவதையே பதிவு செய்து லைவ் சவுண்டில் எடுக்கும் சிறு பட்ஜெட் படத்துக்கு அந்த வழியும் கிடையாது. ஆகவே எழுதியவர் எதுவும் பேசாமல் ஓரமாக உட்கார, முழுத் திரைக்கதையையும் மற்றவர்கள் ஒரே மூச்சில் வாசிக்கிற ஒரு நாள் கட்டாயம் வேண்டும். அந்த நாளில் தேர்வு எழுதுவது திரைக்கதை. நடிகர்கள் வருவது அந்தத் தேர்வை நடத்திக் கொடுப்பதற்கு. ஆடிஷனில் நாம் தேட வேண்டியது என்ன என்பது இதிலிருந்தே வருகிறது: பிழையில்லாமல் வாசிக்கிற நாக்கு, எதிராளி பேசுவதைக் கேட்கிற காது, இரண்டரை மணி நேரம் தளராத குரல். ஜிம் உடம்பும் ஃபாலோயர் எண்ணிக்கையும் அந்த மேசையில் எதற்கும் பயன்படாது.

அறிவிப்புப் போடும் முன் எத்தனை பேர் தேவை என்று கணக்குப் பார்க்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. 30 பேசும் பாத்திரங்கள் இருந்தால் 30 பேரை அழைக்கிறார்கள். அதில் பாதிப் பேர் இரண்டு வரி பேசிவிட்டு மீதி நேரமெல்லாம் போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பதினோரு பேர் போதும். ஒரு தாளில் இடப்பக்கம் காட்சி எண்களையும் மேலே பாத்திரங்களின் பெயர்களையும் போட்டுக் கட்டம் கட்டுங்கள். யார் எந்தக் காட்சியில் பேசுகிறாரோ அந்தக் கட்டத்தில் அவருடைய வசன எண்ணிக்கையைக் குறியுங்கள். அதிகம் பேசுகிற முதல் நான்கு பாத்திரங்களுக்கு ஆளுக்கொருவர். மீதி 26 பாத்திரங்களை ஆறு பேரிடம் பிரித்துக் கொடுக்கலாம். ஒரே காட்சியில் பேசுகிற இரண்டு பாத்திரங்கள் ஒருவரிடம் போகக் கூடாது. அடுத்தடுத்த காட்சிகளில் வருகிற இரண்டு பாத்திரங்களையும் முடிந்தவரை ஒருவரிடம் கொடுக்காதீர்கள். கேட்பவருக்கு டீக்கடைக்காரர்தான் இன்ஸ்பெக்டராகவும் வந்துவிட்டாரோ என்று குழப்பம் வரும். சின்னப் பாத்திரங்களில் ஆண், பெண் வேறுபாடு பார்க்கத் தேவையில்லை. பக்கத்தில் பேசுகிற குரலிலிருந்து அந்தக் குரல் பிரிந்து கேட்டால் போதும்.

பதினோராவது ஆள் காட்சி விவரணையை வாசிப்பவர். இந்த வேலையை இயக்குநரே எடுத்துக்கொள்வது நாங்கள் அதிகம் பார்க்கிற தவறு. அவர் வாசித்தால் தாளில் இல்லாததையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். ‘அவன் திரும்பிப் பார்க்கிறான்’ என்று எழுதியிருக்கும். அவர் குரலோ அவன் எதற்காகத் திரும்புகிறான் என்பதையும் சொல்லிவிடும். உதவி இயக்குநரிடம் கொடுத்தால் அவர் கதை ஏற்கெனவே தெரிந்தவர் என்பதால் வேகமாக ஓட்டிவிடுவார். இதற்குத் தனியாக ஆடிஷன் வையுங்கள். வசனமே இல்லாத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். செய்தி வாசிப்பது போலவும் இருக்கக் கூடாது, கதாகாலட்சேபம் போலவும் இருக்கக் கூடாது. காட்சித் தலைப்பை வாசித்து அரை விநாடி நிறுத்தி, விவரணையைச் சமமான குரலில் சொல்லி, வசனம் தொடங்கும் இடத்தில் சட்டென்று விலகிக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். வானொலி நாடகம், ஒலிப்புத்தகம் செய்தவர்களுக்கு இது கைவந்த வேலை. மேசையிலேயே அதிகம் பேசப்போகிறவர் இவர்தான். இவர் சரியில்லை என்றால் மற்ற பத்துப் பேரும் நன்றாக வாசித்துப் பயனில்லை.

அடுத்தது சீன் பேப்பர், அதாவது நடிகர் வாசிக்கிற காட்சித் தாள். தமிழ் வசனத்தை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து அனுப்புகிறவர்கள் இப்போது அதிகம். மனப்பாடம் செய்து நடிப்பதற்கு அது உதவலாம். பார்த்தவுடன் வாசிப்பதற்கு உதவாது. ‘manam’ என்று இருந்தால் மனமா, மணமா, மானமா என்று நடிகர் ஒரு கணம் தயங்கியாக வேண்டும். பக்கத்துக்கு நான்கு தடவை அப்படித் தயங்கினால் காட்சியின் ஓட்டம் போய்விடும். வசனம் சரியில்லையோ என்று எழுத்தாளர் தவறாக முடிவு கட்டுவார். தமிழ் எழுத்தில், 14 புள்ளி அளவில், ஒன்றரை வரி இடைவெளியில், தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டுக் கொடுங்கள். ஆங்கில வழியில் படித்துத் தமிழை மெதுவாக வாசிக்கும் நல்ல நடிகர்கள் உண்டு. அவர்களைக் கழித்துவிட வேண்டாம். நடிகர் விரும்பினால் இரண்டு எழுத்திலும் தாள் தரலாம்; அவருடைய முழுப் பகுதியையும் ஐந்து நாள் முன்னதாகவே கொடுத்துவிடலாம். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு கூரியர் எழுத்தில் 12 புள்ளியில் அடிக்கிற ஆங்கில முறைக்கு ஏற்பட்டது. தமிழ் எழுத்து அகலம் கூடியது. நம் பக்கங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் படம் எத்தனை நிமிடம் என்பதை முதன்முதலில் ஓரளவு சரியாகச் சொல்லப்போவதே இந்த ரீடிங்தான்.

ஆடிஷனில் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். மணிக்கு நான்கு பேர், மூன்று மணி நேரத்துக்குப் பன்னிரண்டு பேர். அதற்கு மேல் போனால் கேட்பவர்களின் காது மரத்துவிடும். மாலையில் வருகிறவருக்கு நியாயம் கிடைக்காது. நடிகரை உட்கார வைத்தே வாசிக்கச் சொல்லுங்கள். எழுந்து நின்று நடித்துக் காட்டச் சொன்னால் அது படத்துக்கான ஆடிஷன் ஆகிவிடும்.

முதலில், 48 மணி நேரம் முன்பே அனுப்பிவைத்த இரண்டு பக்கக் காட்சி. இதில் அவருடைய தயாரிப்பு தெரியும். அடுத்து, அவர் பார்த்தேயிராத ஒரு பக்கம். இரண்டு நிமிடம் மனதுக்குள் படித்துக்கொள்ளக் கொடுத்து, பிறகு வாசிக்க விடுங்கள். தடுக்கினால் பரவாயில்லை. தடுக்கிய பிறகு என்ன செய்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ‘சாரி சார், ஒன்ஸ் மோர்’ என்று வரியின் தொடக்கத்துக்குப் போகிறவர் ரீடிங் அன்றும் முப்பது தடவை அப்படித்தான் போவார். தடுக்கிய சொல்லை மட்டும் திருத்திக்கொண்டு காட்சியை விடாமல் நகர்த்துகிறவர் நமக்கு வேண்டியவர். மூன்றாவதாக, முதலில் வாசித்த அதே காட்சிக்கு ஒரே ஒரு மாற்றம் சொல்லுங்கள். ‘கோபமாக’, ‘சோகமாக’ என்று சொன்னால் பொதுவான கோபமும் பொதுவான சோகமும்தான் வரும். ‘பக்கத்து அறையில் அம்மா தூங்குகிறாள், எழுந்துவிடக் கூடாது’ என்று சொல்லிப் பாருங்கள். குரலைத் தாழ்த்துவதோடு நின்றுவிடுகிறாரா, சொற்களைக் கடிக்கும் விதமும் மாறுகிறதா? இரண்டாவது வகை நடிகர் கிடைத்தால் விடாதீர்கள்.

கடைசிச் சோதனையைத்தான் யாரும் வைப்பதில்லை. அவருக்கு மூன்றே வரி இருக்கிற இரண்டு பக்கக் காட்சியைக் கொடுங்கள். மற்றவர் வரிகளை உங்கள் குழுவில் ஒருவர் வாசிக்கட்டும். நடுவில் ஒரு இடத்தில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து, குரலையும் இறக்கி வாசிக்கச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருந்த நடிகர் தன் அடுத்த வரியை அந்த இறக்கத்திலிருந்து எடுப்பார். கேட்காமல் தன் முறைக்காக விரலை வரியில் வைத்துக் காத்திருந்தவர், வீட்டில் தயார் செய்துவந்த ஏற்றத்திலேயே ஆரம்பிப்பார். இந்த வித்தியாசம் ஐந்து விநாடியில் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு களத்திலிருந்து வருகிறவரிடமும் ஒவ்வொரு பழக்கம் ஒட்டியிருக்கும். சீரியலில் நிறைய நடித்தவர் வரியின் கடைசிச் சொல்லை இழுப்பார். அடுத்தவர் முகத்துக்கு கேமரா போகட்டும் என்று ஒரு இடைவெளி விடுவார். 110 பக்கத்தில் அந்த இடைவெளிகளை எல்லாம் கூட்டினால் பத்து நிமிடத்தைத் தின்றுவிடும். டப்பிங் கலைஞர்களின் வாசிப்பு அப்பழுக்கில்லாதது. ஆனால் பலவீனமான வசனத்தையும் அவர்கள் அழகாகப் பேசிக் காப்பாற்றிவிடுவார்கள். அந்த அழகு எழுத்தாளரை ஏமாற்றும். மிமிக்ரி பழகியவரிடம் வசனத்தைக் கொடுத்தால் ஏதாவது ஒரு பெரிய நடிகரின் மாடுலேஷன் தானாக வந்து உட்காரும். ‘உங்கள் தம்பியிடம் போனில் பேசுவது போல வாசியுங்கள்’ என்றால் பெரும்பாலும் கழன்றுவிடும். படப்பிடிப்பில் பிராம்ப்டிங் கேட்டே பேசிப் பழகியவர்களுக்குத்தான் தாள் பெரிய பிரச்சினை. வரி வரியாகக் காதில் விழுந்து பேசியவர்களுக்கு ஒரு முழுக் காட்சியின் போக்கு கண்ணில் படாது. அவர்கள் நல்ல நடிகர்களாக இருக்கலாம். படத்தில் பயன்படுத்துங்கள், ரீடிங்கில் சின்னப் பாத்திரம் கொடுங்கள். 1977-ல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கிய காலத்திலிருந்து நவீன நாடகப் பயிற்சி பெற்ற நடிகர்கள் சென்னைக்குக் குறையாமல் கிடைத்துவருகிறார்கள். சேர்ந்து வாசித்துப் பழகிய அவர்களை மேசைக்கு அழைக்கச் சுயாதீன இயக்குநர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பது புரியவில்லை. குரல் அரங்கின் கடைசி வரிசைக்குப் போகிறது என்றால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் மட்டும் பேசச் சொன்னால் போதும்.

வட்டார வழக்கு தனிச் சங்கதி. ‘எல்லா ஸ்லாங்கும் வரும் சார்’ என்பவரிடம் நெல்லை வழக்கில் எழுதிய தாளைக் கொடுத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. தாளில் இருப்பதை யாரும் வாசித்துவிடலாம். பொதுத் தமிழில் ஐந்து வரி கொடுத்து, ‘இதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வார்கள்?’ என்று கேளுங்கள். ‘ஏலே’ இரண்டும் ‘மக்கா’ ஒன்றும் போட்டுவிட்டு மற்றதையெல்லாம் சென்னைத் தமிழில் சொல்கிறவரை அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். உண்மையில் அந்த ஊர்க்காரராக இருந்தால் சொற்களைவிட ராகம் முதலில் மாறும். அப்படிப்பட்டவர் ஒருவர் மேசையில் இருந்தால், ‘எங்க பக்கம் இப்படிச் சொல்ல மாட்டாங்க’ என்று அவர் சொல்கிற நாலு திருத்தங்களே ரீடிங்குக்குச் செய்த செலவுக்கு ஈடாகும். கொங்குக் கதைக்கு மதுரை நடிகரை வாசிக்க வைத்தால் அந்தத் திருத்தம் கிடைக்காது.

ஆடிஷனை வீடியோ எடுக்காதீர்கள். ஒலியை மட்டும், நடிகரிடம் கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள். போனை வெறும் மேசையில் வைத்தால் தாள் நகர்த்தும் அதிர்வெல்லாம் ஏறும். மடித்த துண்டின் மேல், இரண்டடி தள்ளி வையுங்கள். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். சென்னையில் அதற்கு ஏ.சி. உள்ள அறை வேண்டும், இல்லையென்றால் காலை ஒன்பது மணிக்கே ஆரம்பித்துவிட வேண்டும். அன்று இரவு, பெயர் சொல்லாமல் வரிசையை மாற்றிப் போட்டுக் கேளுங்கள். நேரில் பிரமாதமாகத் தோன்றிய இரண்டு மூன்று பேர் ஒலியில் சாதாரணமாக இருப்பார்கள். முகத்தில் பாதி நடிப்பைச் செய்தவர்கள் அவர்கள். கவனிக்காமல் விட்ட ஒருவர் மேலே வருவார்.

தேர்வான நான்கு முக்கியக் குரல்களையும் இன்னொரு நாள் ஒன்றாக உட்காரவைத்து ஆறு பக்கம் வாசிக்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது. தனித்தனியாக நன்றாக இருந்த இரண்டு குரல்கள் ஒரே சுருதியில் இருந்தால் கணவன் மனைவி சண்டைக் காட்சியில் யார் பேசுகிறார் என்பதே தெரியாமல் போகும். அதற்கு நடிகரைக் குறை சொல்ல முடியாது. இருவரில் ஒருவருக்கு வேறு பாத்திரத்தைக் கொடுங்கள்.

இனி நேர்மை பற்றி. ரீடிங்கில் வாசிப்பவருக்குப் படத்தில் வேடம் கிடைக்கும் என்று சொல்லாமல் சொல்லி ஆள் சேர்க்கும் வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்: இது ரீடிங்குக்கு மட்டும், படத்துக்கான தேர்வு தனி. எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் என்பதும் அதிலேயே இருக்கட்டும். பதினோரு பேருக்கு ஆளுக்கு 500 ரூபாய் என்றால் 5,500. தலைக்கு 150 ரூபாய் சாப்பாடு, டீ. பதின்மூன்று பிரதி, 110 பக்கம், பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய் வைத்தால் 2,145. அறை வாடகையைச் சேர்த்தாலும், நாற்பது பேர் யூனிட்டின் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவை ஒட்டித்தான் வரும். பணமே இல்லை என்றால் ‘சம்பளம் இல்லை, பயணச் செலவும் சாப்பாடும் உண்டு’ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். வர விரும்புகிறவர் வரட்டும். நடிகர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ கட்டணம், சங்க அட்டைக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் யார் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஆடிஷன் வைக்கிறவருக்கு நடிகர் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் எந்தக் கட்டத்திலும் கிடையாது.

இடமும் முக்கியம். ஹோட்டல் அறையிலும் இயக்குநரின் வாடகை வீட்டிலும் இரவு எட்டு மணிக்கு மேலும் ஆடிஷன் வைக்காதீர்கள். பகல் நேரத்தில், ஆள் நடமாட்டமுள்ள அலுவலகத்திலோ பயிற்சிக் கூடத்திலோ, குழுவில் குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க நடத்துங்கள். உடன் வருகிறவரை வெளியே நிற்கச் சொல்லாதீர்கள். நெருக்கமான காட்சிகளை ஆடிஷன் தாளாகக் கொடுக்கவே கூடாது. வாசிப்புத் திறனைச் சோதிக்க அது தேவையே இல்லை. மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, வாய்ப்புத் தேடி வருகிற கட்டத்திலேயே பாலியல் இணக்கம் கேட்கிற ‘அட்ஜஸ்ட்மென்ட்’ பேச்சு தொடங்கிவிடுகிறது என்பது பதிவானது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடங்களைப் பற்றிய புகாரை மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். சின்னக் குழு என்பதால் கேட்பாரில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். குழந்தைப் பாத்திரத்தைப் பெரியவர் ஒருவரே வாசித்துவிடலாம். குழந்தையைத்தான் அழைக்க வேண்டும் என்றால், படப்பிடிப்பில் குழந்தைக்கு ஒரு நாளில் ஐந்து மணி நேரம், ஓய்வில்லாமல் மூன்று மணி நேரம் என்பதே சட்டம் வைத்த உச்சவரம்பு என்பதை நினைவில் வைத்து, அதன் காட்சிகளை முதலில் வாசித்துப் பெற்றோருடன் அனுப்பிவிடுங்கள்.

கதை திருடுபோகும் என்ற பயத்தில் நடிகர்களுக்கு முழுத் திரைக்கதையைக் கொடுக்காமல் அவரவர் வரிகளை மட்டும் வெட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. அப்படி வாசித்தால் யாருக்கும் எதுவும் புரியாது. முதலில் தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் கதையைப் பதிவு செய்துவிடுங்கள். ஒவ்வொரு பிரதியின் எல்லாப் பக்கங்களிலும் வாசிப்பவரின் பெயரை மங்கலாக அச்சிட்டு, முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பிடிஎஃப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால்தான் கட்டுப்பாடு போகும்.

ரீடிங் நாளைப் பற்றிச் சுருக்கமாக. எழுத்தாளருக்கு வாசிக்க ஒரு வரிகூடக் கொடுக்காதீர்கள். கையில் பென்சிலும் ஒரு பிரதியும் இருந்தால் போதும். சிரிப்பு வந்த இடத்தில் ஒரு குறி, நாக்கு தடுக்கிய இடத்தில் ஒரு குறி, ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நேரம். ஆடிஷனில் தேறிய வாசிப்பாளர் தடுக்கினால் பெரும்பாலும் தவறு வரியில்தான் இருக்கும். ஆடிஷனை ஒழுங்காக வைத்ததன் பலன் இங்கேதான் கைக்கு வருகிறது. திரைக்கதையில் இடைவேளை போட்டிருக்கிற அதே இடத்தில் நிறுத்தி டீ கொடுங்கள். அந்தப் பத்து நிமிடம் எழுத்தாளர் வாயைத் திறக்காமல் ஒட்டுக் கேட்கட்டும். ‘அவன்தான் எடுத்திருப்பான்’, ‘இல்லப்பா, அந்த அக்கா மேலதான் சந்தேகம்’ என்று பேச்சு ஓடினால் இடைவேளை வேலை செய்கிறது. எல்லோரும் டிராஃபிக்கைப் பற்றிப் பேசினால் முதல் பாதியைத் திரும்ப எழுத வேண்டும். முடிந்த பிறகு ‘எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். ‘சூப்பர்’ என்ற பதில்தான் வரும். எந்த இடத்தில் கவனம் விட்டுப்போனது, யாருடைய பெயர் யாரோடு குழம்பியது என்று கேளுங்கள். கதிர், கார்த்தி, கண்ணன் என்று மூன்று பேரை வைத்திருப்பவர்களுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

தேர்வாகாதவர்களுக்கு மூன்று நாளுக்குள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். ‘இந்தத் தடவை வேறு குரல்களை எடுத்திருக்கிறோம், வந்ததற்கு நன்றி’ என்ற அளவுக்குப் போதும். பதிலே வராமல் வாரக்கணக்கில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற நடிகர்கள் இந்த ஊரில் ஏராளம்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பத்திரிகையில் ஆடிஷன் அறிவிப்புகளை வெளியிடும்போது, ரீடிங்குக்கா படத்துக்கா, சம்பளம் எவ்வளவு, நடக்கும் இடத்தின் முழு முகவரியும் நேரமும் என்ன என்கிற மூன்று விவரங்களையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். இதில் ஒன்றைச் சொல்ல மறுக்கிறவர்களின் அறிவிப்பைத் தயவுசெய்து வெளியிடாதீர்கள்.

இப்படிக்கு,
திரைக்கதை வாசிப்புகளை ஒருங்கிணைக்கும் உதவி இயக்குநர்கள் சிலர்,
வளசரவாக்கம், சென்னை